கடிக்காத ஷூ

கவரைப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, நாஷ்டா முடிந்ததும்.

அன்புத் தம்பி பாக்கியராஜுக்கு, கூடப் பிறக்காத உன் அண்ணன் பரசுராமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி திலகவதியும் சௌக்கியம். என் இடது காலில் ஒரு விரல் மட்டும் சௌக்கியம் விசாரிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது உனக்குத் தெரியும். மிச்சம் இருக்கிற விரல்கள் எல்லாம் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னன.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் காகிதம் தேடினான் என்று நினைப்பாய். போனில் முக்கியமான பேச்சை எடுத்தால் போதும், மஸ்கட் தாண்டி நீ வேலை பார்க்கிற சோஹாரில் உடனே சிக்னல் போய்விடுகிறது. போன தடவை "காலப் பாத்தியா" என்று நான் தொடங்கியதுமே "அண்ணா, காத்து அடிக்குது, ஒண்ணும் கேக்கல" என்றாய். ஆனால் நம் மில் ஸ்டோர் அன்புராஜ் தலைக்கு டை அடித்துப் பிடரியெல்லாம் கொப்புளித்துப்போய், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சினிமாக்காரன் மாதிரி ஒரு வாரம் சுற்றிய கதையைச் சொன்னபோது அந்தக் காற்று நின்று கேட்டது. கடைசி வரைக்கும் கேட்டது. அதனால்தான் காகிதம். உன் மச்சான் ஜெரால்ட் விடுப்பு முடிந்து இன்று ராத்திரி விமானம் ஏறுகிறான். நாளைக்கு உங்கள் ரூமுக்கு வந்து சேர்ந்ததும் இதை உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு போட்டிருக்கிறேன்.

சுற்றி வளைப்பது என் பிறவிக் குணம். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாகச் சுற்றலாம். உன் காலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் உன் குரலை அனுப்பியிருந்தாயே. "அண்ணா, இங்க புது ஷூ குட்த்தாங்க. எல்லாம் கடிக்குது கடிக்குதுன்னு நொண்டிக்கினு கீறானுங்க. எனக்கு ஒண்ணுமே தெரில. உன் கால் எனக்கு வந்துச்சு போலகீது" என்று சொல்லிச் சிரித்திருந்தாய். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த திலகாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மாமியார் வீட்டு இழவிலேயே சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றவன் இதற்குச் சிரிக்கவில்லையே என்று அவள் கரண்டியோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் என் குரல் மாதிரியே இருந்தது.

என் காலின் கதை உனக்குத் தெரியாததா? பாதிக் கதையை நடத்தியவனே நீதான். ஆனால் நீ வெளியிலிருந்து பார்த்தாய். ஷூவுக்குள்ளே இருந்தவன் நான். அங்கே எப்படி இருந்தது என்று ஒருநாளும் உன்னிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. சொன்னால், இப்போது நீ எங்கே நிற்கிறாய் என்று உனக்கே தெரியும்.

நம் ரோலிங் மில்லில் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டோரில் புது சேஃப்டி ஷூ கொடுப்பார்களே, முன்னால் இரும்புத் தொப்பி வைத்து, உள்ளே பலகை மாதிரி தோல் போட்டு. அந்த வாரம் முழுக்கச் சின்ன விரலிலும் குதிகாலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு எல்லோரும் புது மருமகள் மாதிரி மெல்ல மெல்ல நடப்பார்கள். எனக்கு மட்டும் கடிக்காது. முதல் வருஷம் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் அது தொழிலாகிவிட்டது. "அண்ணா, உனக்குத்தான் கடிக்காதே, எனக்கு ஒரு ஷிப்ட் போட்டுப் பழக்கிக் குடேன்" என்று முதலில் கேட்டவர் யார் என்று நினைவில்லை. டப்பு வாங்கமாட்டேன், கேன்டீனில் மசால் வடையும் டீயும் போதும் என்று நான் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என் அளவு எட்டு. ஒன்பது வந்தால் மிஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டை முன்னால் திணித்துக்கொள்வேன். ஏழு வந்தால் குதிகாலில் எண்ணெய் தடவி என்னைத் திணித்துக்கொள்வேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஷூவை எடுத்துக் கொடுக்கும்போதே அன்புராஜ், "மொதல்ல பரசு கால்ல வுட்டு எடுத்துக்க, அப்பால நீ போடு" என்பான், ஏதோ சாமி பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி. எனக்குப் பெருமை தாங்காது. படிப்பில் வராத பேர், வயலில் வராத பேர், ஐம்பது வயசுக்கு மேல் பாதத்தால் வந்தது.

அந்தப் பெருமையில் மற்ற கூத்தெல்லாம் கண்ணில் படவில்லை. ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்து வந்து நிற்கிறேன், "இன்னொரு செருப்பு எங்கய்யா" என்று கேட்டாள் திலகா. குனிந்து பார்த்தால் ஒரு கால் வெறுங்கால். எங்கே கழன்றது என்று தெரியாது. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன் என்பதும் தெரியாது. "ரயில்ல கூட்டம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று ரயிலில் கூட்டமே இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவன் நான். உள்ளங்காலில் ஆணி வந்தால் பிளேடு வாங்கி நானே செதுக்கிக்கொள்வேன். வலிக்காது, அதனால் தாராளமாகச் செதுக்குவேன். சர்க்கரை இருப்பது எனக்கு எப்போதோ தெரியும். மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிற செண்பகம் அக்கா தெருமுனையில் தலையைக் காட்டினால், நான் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பீடி பற்றவைத்துவிடுவேன். "உள்ள இருந்து பொக வருது, வெளிய வாங்க" என்று அந்த அம்மா கதவுக்கு வெளியே நின்று கூப்பிடும். உடம்பில் ஒரு இடத்திலும் வலியில்லாதவனுக்கு எதற்கு மாத்திரை என்பது என் வாதம். வலியே இல்லை என்பதுதான் வியாதி என்று எவன் கண்டான்.

அப்புறம்தான் உன் ஏழாம் நம்பர் என் காலுக்கு வந்தது. ஒரு ஷிப்ட் போட்டுப் பழக்கித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை உடை மாற்றுகிற இடத்தில் நீ காலை உள்ளே விட்டவன் வெளியே எடுத்தாய். கையை விட்டுப் பார்த்தாய். "அண்ணா, உள்ள இன்னாத்த கொட்டி வச்ச" என்றாய். கேன்டீன் சாம்பாராக இருக்கும் என்றேன். விரலை மோந்து பார்த்தாய். அப்போது உன் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை. "இது சாம்பார் இல்ல. காலக் காட்டு" என்றாய். காட்டமாட்டேன் என்றேன். அன்புராஜைக் கூப்பிட்டு என் தோளை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கருப்பு சாக்ஸை நீயே உரித்தாய். ஒட்டிக்கொண்டு வந்தது.

கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலின் அடியில் ஒரு ஓட்டை. அதற்குள் ஒரு இரும்புச் சீவல், வாடகைக்கு வந்து சொந்தமாக்கிக்கொண்ட மாதிரி வசதியாக உட்கார்ந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நானும் எட்டிப் பார்த்தேன், தம்பி. ரோட்டில் யாருக்கோ அடிபட்டால் கூட்டத்தில் தலையை நுழைத்துப் பார்ப்போமே, அப்படி. ஐயோ பாவம், யாருடைய கால் இது என்றுதான் முதலில் தோன்றியது.

அதற்கும் அடங்காமல், மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டால் ஆறிவிடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உன்னிடம் பேரம் பேசினேன். "பேஜாரு பண்ணாத. வண்டில ஏறு, இல்லாங்காட்டி அண்ணிக்கு போன் போடறேன்" என்றாய். மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்குப் பிறகு நான் பயப்படுகிற ஒரே ஆள் யார் என்று தெரிந்து வைத்திருந்தாய். ஏறினேன். கேன்டீன் பிளாஸ்டிக் பையில் காலைச் சுற்றித் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவர் பையைப் பார்த்துவிட்டு "மீன் இன்னா ரேட்டுணா" என்று கேட்டார். உனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அரை நாள் சம்பளத்தையும் ஒரு முழு நாள் நிம்மதியையும் எனக்காக விட்டுக் கொடுத்தாய்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்ரி என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்திருந்தார். அதனால் பாதத்தில் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. போன் வந்திருக்கும் போல, பாவம் பிசியான டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, "ஆரம்பிங்க மேடம்" என்றேன். "முடிஞ்சிருச்சுங்க" என்றார்.

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ நகைச்சுவை சொல்லியிருக்கிறேன். அந்த டாக்டர் சொன்ன ஒற்றை வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாய்.

இத்தனை வருஷம் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதில் காலின் நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் கடித்தது தெரியவில்லை, பீடி ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிட்டது, ஆணியைப் பிளேடால் செதுக்கியதும் இறுக்கமான ஷூவும் மிச்ச வேலையைப் பார்த்தன என்று அவர் நிதானமாகச் சொன்னார். ஷூ என்னைக் கடிக்காமல் இல்லை, தம்பி. தினமும் கடித்திருக்கிறது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

விரலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே நடமாடியிருந்தால் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். டிரெஸ்ஸிங் ரூம் பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் அது மிரட்டல் இல்லை என்று தெரிந்தது. அங்கே முகத்தைவிடக் கால்தான் அறிமுகம். ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து லட்சுமியம்மாள் என்று ஒருவர் வருவார். நிலபுலம் உள்ள வீட்டு அம்மா. சித்திரை மாசம் உச்சி வெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். கூட வந்தவர்கள் எல்லாம் தையத்தக்கா என்று நிழலுக்கு ஓட, இவர் மட்டும் நிதானமாகச் சுற்று முடித்திருக்கிறார். அம்மனே தனக்காகத் தரையைக் குளிரவைத்துவிட்டாள் என்று ஊரே பேசியிருக்கிறது. சிலர் காலில் விழுந்து கும்பிட்டும் இருக்கிறார்கள். அப்படிக் கும்பிட்ட கால் ஒன்று இப்போது அவரிடம் இல்லை. நான் வடைக்காக ஷூ போட்ட கதையைச் சொன்னதும் அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். "எனக்காச்சும் புண்ணியம்னு நெனச்சேன், நீ வடைக்கா" என்றார். நர்ஸ் சுமலதா சுத்தம் செய்கிற இடுக்கியோடு நின்று, நாங்கள் ரெண்டு பேரும் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்தார்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் நம் மாதிரி வேலைக்குப் போகிறவர்கள்தான். புண் ஒன்று காலில் இருக்கும், அதைச் சுமப்பது ஒரு வீடே. திலகாவைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது. பேக்கிங் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவந்தவள் அதை விட்டுவிட்டாள். காலையில் என் காலுக்குக் கட்டு, அப்புறம் சமையல், அப்புறம் வேலை, வந்ததும் மறுபடியும் கட்டு. காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் என்னை மகாராஜா மாதிரி கட்டிலில் ஏற்றிவைத்துவிட்டு, தண்ணீர்ச் செம்பு வரைக்கும் அவள்தான். "கல்யாணத்தன்னிக்கு ஒரு தபா கால் அலம்பி வுட்டா போதும்னு சொன்னாங்களேய்யா" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது எல்லாம் ஆறிவிட்டது. மேனேஜர் நல்ல மனுஷன், என்னை எடைமேடையில் உட்காரவைத்திருக்கிறார். லாரி வரும், சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன், டிரைவர்களிடமிருந்து ஆந்திரா வரைக்கும் உள்ள வம்புகளை வாங்கிக்கொள்வேன். எனக்கென்றே செய்த வேலை. ஆஸ்பத்திரியில் எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று கொடுத்தார்கள், மெத்தென்ற ரப்பர் அடி, பின்னால் பட்டை போட்டது. பார்க்க எல்.கே.ஜி. பிள்ளைகள் போடுவது மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ளும் அதோடுதான். செண்பகம் அக்கா வந்தால் இப்போது நானே வாசலில் நின்று சர்க்கரை பார்க்க விரலை நீட்டுகிறேன். பீடி இல்லை. கக்கூஸில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அதன் நினைவு வரும்.

இந்த மாதிரி நான் உட்கார்ந்து வம்பு பேசுவதற்கு யார் காரணம் என்று யாராவது கேட்டால், உன் பேரைத்தான் சொல்கிறேன். உன்னிடம் நேரில் சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் அது ஏதாவது ஒரு கிண்டலில் போய் முடிந்தது. அதனால் இதை மையில் எழுதிவிடுகிறேன். நான் இன்றைக்கு இரண்டு காலில் ரயில் ஏறுகிறேன் என்றால் அது நீ கொடுத்தது. நன்றி, தம்பி. திலகாவும் சாமி கும்பிடும்போது உன் பேரையும் சேர்த்துக்கொள்கிறாள். என் பேருக்கு முன்னாலேயே சொல்கிறாள், கவனித்தேன்.

இனி நீ மறக்க விரும்புகிற விஷயம். அன்றைக்கே அதே நாற்காலியில், எனக்குத் தைரியம் வரட்டும் என்று நீயும் விரலை நீட்டி "எனக்கும் பாத்துடுங்க மேடம்" என்றாய். மிஷின் காட்டிய எண் என்னுடையதற்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. டாக்டர் உன்னையும் தனியாக வரச் சொன்னார். நீ படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, கிறிஸ்டினாகிட்ட சொல்லிடாத. மஸ்கட்டு போறது கெட்டுப் பூடும். அங்க போய் மாத்திர போட்டுக்கறேன்" என்றாய். வாக்குக் கொடுத்தேன். வம்பு பேசுவதில் இந்தத் தாலுகாவிலேயே எனக்கு ஈடு கிடையாது, ஆனாலும் இதை மட்டும் இன்றுவரை யாரிடமும், திலகாவிடம்கூட, சொல்லவில்லை.

வாசலில் உன் வீட்டுக்காரி கிறிஸ்டினாவே வந்திருக்கிறாள். ஜெரால்ட் கையில் உனக்குக் கொடுத்தனுப்ப ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் போல. பிறகு எழுதுகிறேன்.

மதியம்.

மேலே கடைசியில் எழுதியிருக்கிறேனே, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று, அது இன்று காலை வரை உண்மை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஜெரால்ட் கொண்டுபோகிற மூட்டையை இங்கே கட்டினால் நானும் ஏதாவது வைத்தனுப்பலாம் என்று அவள் எல்லாவற்றையும் நம் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். இறால் தொக்கு, நெல்லிக்காய் ஊறுகாய், உனக்கு இரண்டு லுங்கி. கடைசியில் ஒரு பெரிய டப்பா. திறந்து காட்டினாள். அதிரசம். நேற்று முழுக்க உட்கார்ந்து பாகு காய்ச்சிச் சுட்டிருக்கிறாள், எண்ணெய் வடியக் காகிதம் போட்டு அடுக்கியிருக்கிறாள். "அவருக்குன்னா உயிரு அண்ணா. ரூம்ல ஒருத்தருக்கும் குடுக்காம ஒளிச்சு வச்சுத் துன்னுவாரு" என்றாள். அவ்வளவு ஆசையாகச் சொன்னாள்.

நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் வாய் ஊறுகிறது என்று நினைத்து திலகா கண்ணாலேயே என்னை ஒரு அடி அடித்தாள். பேச்சை மாற்றலாம் என்று பார்த்தேன். அன்புராஜ் டை கதையை எடுத்தேன். பாதியில் எனக்கே அது ஓடவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கை ஒரு கையிலும் அந்த டப்பாவை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தேன், தம்பி. சொல்லிவிட்டேன். சர்க்கரையைச் சொன்னேன், ஷூ கடிக்கவில்லை என்று நீ சிரித்ததையும் போட்டுக் காட்டினேன்.

அவள் அழவில்லை. நான் அதற்குத்தான் பயந்தேன். "எத்தினி நாளா அண்ணா" என்று மட்டும் கேட்டாள். என் ஆபரேஷன் சமயத்திலிருந்து என்றேன். டப்பாவின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அதான் வீடியோல பேசும்போது எப்பவும் கட்டில்மேல காலத் தூக்கி வச்சுக்கினே இருக்காரா. கேட்டா கொசுன்னாரு" என்றாள். பிறகு டப்பாவை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு, மூட்டையைப் பிரித்தாள். கடைத்தெருவுக்குப் போய் வெள்ளை சாக்ஸ் வாங்கி வந்தாள். நான் போட்டிருந்தது கருப்பு என்பதால்தான் ரத்தம் தெரியாமல் போனது என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். திலகா தன் அலமாரியிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள், உள்ளங்காலைப் பார்க்க. அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்தால் இளமையாகத் தெரிகிறது என்று எனக்குக்கூடத் தரமாட்டாள். அதிரச டப்பா இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, எனக்கு எட்டாத உயரத்தில்.

என்மேல் கோபப்படு. நியாயம்தான், நிறையக் கோபப்படு. ஆனால் அன்றைக்கு என் தோளை அழுத்திப் பிடிக்கச் சொன்னபோது நீயும் என்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே எப்படி என்று எனக்கு என்ன தெரியும். போன மாசம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் காயத்ரியிடமே, சர்க்கரை இருக்கிறவன் வேலை பார்க்க முடியாதா மேடம் என்று பொதுவாகக் கேட்டேன். "நான் பாக்கலியா? எனக்குப் பதினெட்டு வயசுலருந்து இருக்கு" என்றார். இத்தனை நாள் அவரிடம் காலைக் காட்டுகிறேன், எனக்கு இது தெரியவே தெரியாது. அங்கே கம்பெனி ஆஸ்பத்திரியில் போய்க் காட்டு. அவர்கள் திருப்பி அனுப்புவதாக இருந்தால் அனுப்பட்டும். நீ வந்து இறங்கும்போது ஸ்டேஷனில் நான் நிற்கிறேன். எடைமேடையில் இன்னொரு நாற்காலிக்கு மேனேஜரிடம் நான் பல்லைக் காட்டுகிறேன், அதற்கு எனக்கு வெட்கம் கிடையாது. கிறிஸ்டினாவும் இதையேதான் சொன்னாள். "முழுசா வந்தா போதும்" என்றாள்.

இனி நாளைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். இதைப் படித்து முடித்ததும் ஷூவைக் கழற்று. சாக்ஸைக் கழற்று. ஜெரால்ட் போனைப் பிடிப்பான். இந்தப் பக்கம் கிறிஸ்டினா இருப்பாள், அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் திலகா. கிறிஸ்டினா திட்டமாட்டாள், எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அங்கே ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் நான் தோற்றுப்போனதாக ஒத்துக்கொண்டு, வருஷம் முழுக்க நீ என்னைக் கிண்டல் பண்ணலாம். அப்படியே இருக்கட்டும் என்று அம்மனையும் கேட்டிருக்கிறேன், உன் மாதாவையும் கேட்டிருக்கிறேன். ஏதாவது இருந்தால், இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். உனக்குத்தான் அது தெரியாதே, அதனால் உனக்குப் பதிலாக நாங்கள் பார்க்கிறோம்.

பெரியவர்கள் எதிரில் காலை நீட்டக் கூடாது என்று உன் அம்மா ரோசம்மாள் தொடையில் தட்டித் தட்டி உன்னை வளர்த்திருப்பார். இங்கே யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளமாட்டோம். உள்ளங்காலை எங்கள் முகத்துக்கு நேராகக் காட்டு, கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டு.

நீட்டு, தம்பி. ரெண்டு காலையும் நீட்டு.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அண்ணன்,
பரசுராமன்.